பிரான்ஸின் குக்கிராமம் ஒன்றில் வாழ்க்கை உண்மையில் எப்படி இருக்கும்?

கேள்வி இதுதான்: பிரெஞ்சுக் கிராமம் என்றதும் கல் வீடு, மாதா கோயில் மணி, சைக்கிளில் ரொட்டி வாங்கிவரும் தாத்தா என்று படங்களில் பார்த்ததுதான் நினைவுக்கு வருகிறது. நிஜத்தில் அங்கே நிலம் எப்படி இருக்கும், மக்கள் எப்படி வாழ்கிறார்கள்?

கல் வீடு உண்டு. மணியும் அடிக்கிறது. தாத்தாவும் இருக்கிறார், ஆனால் சைக்கிளில் போக மாட்டார். ரொட்டிக் கடை பத்து பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும். பழைய வெள்ளை ரெனோ வண்டியை எடுத்துக்கொண்டு போவார்.

பிரான்ஸ் முழுவதற்கும் பொருந்துகிற பதில் என்று ஒன்று கிடையாது. அல்ஸாஸில் வீடுகள் தெருவை ஒட்டி வரிசையாக நிற்கும். ப்ரொவான்ஸில் குன்றின் தலையில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். அதனால் எனக்குப் பழக்கமான ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நாட்டின் நடுவே, லிமோஜ் நகரத்துக்குக் கிழக்கே இருக்கும் மில்வாஷ் பீடபூமி. அதிலும் குறிப்பாக க்ரூஸ் மாவட்டத்தில் இருக்கும் பகுதி: ஜாந்தியூ, ஃபோ-லா-மோந்தாஞ் போன்ற ஊர்கள். திராட்சைத் தோட்டம் இல்லை, அரண்மனை இல்லை, சுற்றுலாப் பேருந்து வராது. கிராமம் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள அதனாலேயே நல்ல இடம்.

முதலில் நிலம். கடல் மட்டத்திலிருந்து 600 முதல் 950 மீட்டருக்கு மேல் வரை உயரம். அடியில் கருங்கல் பாறை. மலை என்று சொல்ல முடியாத, உருண்டு உருண்டு போகும் மேடுகள். அவற்றுக்கு நடுவே பள்ளங்கள். பள்ளங்களில் தண்ணீர் தேங்கி, பாசி மட்கி, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த கறுப்புச் சதுப்பு. கால் வைத்தால் தரை மெத்தை மாதிரி அமுங்கும். மழை ஏராளம், எங்கே திரும்பினாலும் ஊற்று. வியென், க்ரூஸ், வெஸேர் என்று மூன்று ஆறுகளும் இந்தப் பீடபூமியில்தான் பிறக்கின்றன. முதல் இரண்டும் வடக்கே போய் லுவார் ஆற்றின் நீராகின்றன, வெஸேர் தெற்கே தோர்தோஞ் ஆற்றைச் சேர்கிறது.

காரில் ஏறி வருபவர் கண்ணில் முதலில் படுவது காடுதான். ரோட்டின் இருபுறமும் நேராக, நெருக்கமாக, இருட்டாக நிற்கும் ஊசியிலை மரங்கள். நகரத்திலிருந்து வருபவர்கள் ஆதிகாலத்துக் காடு என்று நினைத்துக்கொண்டு இறங்கிப் படம் எடுப்பார்கள். நூறு வருடத்துக்கு முந்தைய அஞ்சலட்டைப் படங்களை எடுத்துப் பார்த்தால் அதே இடத்தில் மரமே இருக்காது. மேடு முழுக்க ஹெதர் என்கிற ஊதாப்பூப் புதர், அதில் மேயும் ஆடு, ஆட்டுக்குப் பின்னால் ஒரு சிறுமி, அவ்வளவுதான். ஆள் குறைந்தது, ஆடு குறைந்தது, புதர் வளர்ந்தது. 1946இல் அரசு தேசிய வன நிதி என்று ஒன்றை ஆரம்பித்து மரம் நட உதவி கொடுத்தது. பாரிஸுக்குப் போய்விட்டவர்கள் பாட்டன் நிலத்தை என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தார்கள். நட்டுவிட்டால் தானாக வளரும் என்று டக்ளஸ் மரத்தை நட்டார்கள். அது வட அமெரிக்காவின் மேற்குக் கரையைச் சேர்ந்த மரம். இன்று பீடபூமியில் பாதிக்கு மேல் காடு.

கிராமத்தைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விஷயம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது என்பேன். வெளியூர்க்காரருக்கு இயற்கையாகத் தெரியும் பச்சை, ஊரை விட்டு ஆட்கள் போனதால் வந்த பச்சை. மூடிய ஜன்னல், ஊர் நடுவே இருக்கும் நினைவுத்தூண், மாணவர் போதாமல் திண்டாடும் பள்ளி, எதை எடுத்தாலும் அந்தக் கதையில்தான் போய் நிற்கும்.

போனவர்கள் யார்? கொத்தனார்கள். க்ரூஸ் மாவட்டத்து ஆண்கள் பல நூற்றாண்டுகளாகக் கட்டட வேலைக்கு வெளியூர் போனவர்கள். 1627-28இல் மேற்குக் கடற்கரையிலிருக்கும் லா ரொஷேல் துறைமுகத்தை மன்னரின் படை முற்றுகையிட்டபோது கடலை மறித்துப் போட்ட கல் அணையில் இந்தப் பக்கத்துக் கொத்தனார்கள் வேலை செய்தார்கள் என்பார்கள். 19ஆம் நூற்றாண்டில் அது வருடாந்தர வழக்கமாகவே ஆகிவிட்டது. மார்ச் பிறந்ததும் பல்லாயிரம் ஆண்கள் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு பாரிஸை நோக்கி நடப்பார்கள். குளிர்காலத்தில் சுண்ணாம்பு கெட்டியாகாது, வேலை நிற்கும். அப்போதுதான் ஊர் திரும்புவார்கள். நடுவில் உழுவது, அறுப்பது, மாடு பார்ப்பது, வரி கட்டுவது எல்லாம் பெண்கள். பாரிஸின் அகன்ற தெருக்களையும் கல் மாளிகைகளையும் கட்டியதில் இவர்கள் கை பெரிது.

இதில் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மார்த்தான் நதோ, 1815இல் சூப்ரபோஸ்த் பக்கம் ஒரு சின்னக் குடியிருப்பில் பிறந்தவர். 1830இல் 14 வயதில் அப்பாவோடு நடந்து பாரிஸ் போனார். சித்தாளாக ஆரம்பித்தார், மாடியிலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டார், பகலில் வேலை பார்த்துவிட்டு இரவில் மற்ற கொத்தனார்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். 1849இல் நாடாளுமன்ற உறுப்பினர். 1851 டிசம்பரில் அன்றைய குடியரசுத் தலைவர் லூயி நெப்போலியன் முழு ஆட்சியையும் கைப்பற்றியபோது நாடு கடத்தப்பட்டு இங்கிலாந்தில் காலம் தள்ளினார். 1870இல் திரும்பியவரை இதே க்ரூஸ் மாவட்டத்துக்கு ஆட்சித் தலைவராகப் போட்டார்கள். 'கட்டட வேலை நடந்தால் எல்லாம் நடக்கும்' என்று பிரெஞ்சில் இன்றும் சொல்கிறார்களே, அது 1850இல் அவர் அவையில் பேசியதிலிருந்து வந்தது. சுற்றுவட்டாரத்தில் அவர் பெயரில் தெரு இல்லாத ஊர் குறைவு.

ரயில் வந்ததும் போக்குவரத்து சுலபமாயிற்று; திரும்பி வருவது குறைந்தது. முன்பு ஆண் மட்டும் போனான், பிறகு மனைவி, பிள்ளைகளும் போனார்கள். 1851இல் மாவட்டத்து மக்கள்தொகை 2 லட்சத்து 87 ஆயிரம். இன்று 1 லட்சத்து 15 ஆயிரத்துச் சொச்சம். சதுர கிலோமீட்டருக்கு 20 பேர் சொச்சம்தான்.

நடுவில் 1914 வந்தது. பிரான்ஸில் ஏறக்குறைய எல்லா ஊரிலும் முதல் உலகப் போரில் செத்தவர்களின் பெயர் வெட்டிய தூண் இருக்கும். சேவல், வீரன், 'தாய்நாட்டுக்காக உயிர்நீத்த எம் பிள்ளைகளுக்கு' என்ற வரி, இதுதான் வழக்கமான அமைப்பு. ஜாந்தியூவில் 1922இல் வைத்த தூண் வேறு மாதிரி. பள்ளி மேலங்கியும் மரச்செருப்பும் போட்ட அநாதைச் சிறுவன் ஒருவன் நிற்கிறான். ஒரு கையில் தொப்பி. இன்னொரு கை முஷ்டியை மடக்கி அந்தப் பெயர்களை நோக்கி நீள்கிறது. கீழே எழுதியிருப்பது: 'நாசமாய்ப் போகட்டும் போர்.' அன்றைய அரசு அதிகாரிகள் திறந்துவைக்க வர மறுத்துவிட்டார்கள். பக்கத்தில் லா கூர்த்தினில் பெரிய ராணுவ முகாம் உண்டு. அங்கே போகும் படைகள் இந்தத் தூணைக் கடக்கும்போது தலையைத் திருப்பிக்கொள்ள உத்தரவு இருந்ததாக ஊரில் சொல்வார்கள். ஒவ்வொரு நவம்பர் 11ஆம் தேதியும் போர் எதிர்ப்பாளர்கள் பல ஊர்களிலிருந்து வந்து இங்கே கூடுகிறார்கள். நாட்டில் இப்படிப்பட்ட தூண்கள் மிகக் குறைவு.

ஆள் குறைந்த ஊரை நிரப்ப அரசு செய்த ஒரு காரியத்தையும் சொல்லவேண்டும், நம்மவர்களுக்கு அது அதிகம் தெரியாது. 1962 முதல் 1984 வரை, இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரீயூனியன் தீவிலிருந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து பிரான்ஸின் ஆளில்லாத மாவட்டங்களுக்கு அனுப்பினார்கள். பள்ளிப் படிப்பு, நல்ல எதிர்காலம் என்று சொல்லித்தான் அழைத்து வந்தார்கள். பலர் பண்ணைகளில் கூலியில்லா வேலைக்காரர்களாக வளர்ந்தார்கள். பல மாவட்டங்களுக்கு அனுப்பியிருந்தாலும் 'க்ரூஸின் குழந்தைகள்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. 2014 பிப்ரவரியில் பிரெஞ்சு நாடாளுமன்றம் இதற்கு அரசின் தார்மீகப் பொறுப்பை ஒப்புக்கொண்டு தீர்மானம் போட்டது. கரும்புத் தோட்ட வேலைக்குப் போன தமிழர்களின் வழிவந்தவர்கள் பெருமளவில் வாழும் தீவு ரீயூனியன் என்பதை நினைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

சரி, இன்றைய ஊருக்கு வருவோம். இங்கே கிராமம் என்பது ஒரே இடத்தில் இருக்காது. நடுவில் ஒரு சிறிய ஊர்: மாதா கோயில், நகராட்சி அலுவலகம், பெரும்பாலும் அதே கட்டடத்தில் பள்ளி, நினைவுத்தூண், ஒரு சதுக்கம். சுற்றி ஐந்தாறு கிலோமீட்டருக்குள் நாலு வீடு, எட்டு வீடு கொண்ட குடியிருப்புகள் சிதறிக் கிடக்கும். ஒவ்வொன்றுக்கும் பழைய காலத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு ரொட்டி அடுப்பு. பீடபூமியின் மேல்பகுதியில் குளிர் அதிகம் என்பதால் கோதுமை சரியாக வராது, கீழே, லிமோஜைச் சுற்றியுள்ள லிமூசான் வட்டாரத்தின் தாழ்ந்த பகுதிகளில் ஏழைகளுக்குச் சோறு போட்ட செஸ்ட்நட் மரமும் இங்கே தழைக்காது. ரை தானியமும் உருளைக்கிழங்கும்தான். ரை மாவைப் பிசைந்து வாரக்கணக்கில் வைத்துச் சாப்பிட ஒரே நாளில் பெரிய பெரிய ரொட்டிகளாகச் சுடுவார்கள். இப்போது அந்த அடுப்பை ஊர்த் திருவிழாவன்று மட்டும் பற்றவைக்கிறார்கள்.

சில குடியிருப்புகளுக்குச் சொந்தமாகப் பொது நிலம் உண்டு. அது நகராட்சியுடையதும் இல்லை, தனியாருடையதும் இல்லை. அந்தக் குடியிருப்பில் வாழ்பவர்கள் எல்லோருக்கும் பொது. முன்பு ஆடு மேய்க்க, விறகு எடுக்க. இன்று அதில் வளர்ந்த மரத்தை யார் விற்பது, பணம் யாருக்கு என்பதில் வரும் சண்டையைக் கேட்டால் நம்ம ஊர்ப் புறம்போக்குப் பஞ்சாயத்து தோற்றுவிடும்.

வீடு ஏன் இத்தனை பூட்டிக் கிடக்கிறது என்று வருபவர்கள் எல்லோரும் கேட்பார்கள். நெப்போலியன் காலத்துச் சட்டப்படி பிள்ளைகள் எல்லோருக்கும் பங்கு உண்டு, யாரையும் விலக்க முடியாது. பாட்டி இறந்தால் வீடு மூன்று பிள்ளைகளுக்கு, அவர்கள் இறந்தால் எட்டுப் பேரப்பிள்ளைகளுக்கு. ஒருவர் மர்செய்யில், ஒருவர் கனடாவில், ஒருவர் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். கூரை ஒழுகி விழும்வரை வீடு அப்படியே நிற்கும். விலைக்கு வரும் வீடு நாட்டிலேயே மலிவான வகை, ஆனால் வாங்கும் விலையைவிட கூரையைச் சரிசெய்யும் செலவு அதிகம் வரலாம் என்பதை விற்பவர் சொல்ல மாட்டார்.

ஊரை ஓட்டுவது கொம்யூன். புதுச்சேரிக்காரர்களுக்கு இது பழகிய பெயர். பாகூர், வில்லியனூரெல்லாம் இன்றைக்கும் கொம்யூன் பஞ்சாயத்துகள்தானே. பிரான்ஸில் சுமார் 35,000 கொம்யூன்கள் இருக்கின்றன. அவற்றில் பாதிக்கு மேல் 500 பேருக்கும் குறைவானவை. 100 முதல் 499 பேர் வரை உள்ள ஊருக்கு 11 உறுப்பினர்கள், 100க்குக் கீழே என்றால் 7 பேர். ஆறு வருடத்துக்கு ஒரு முறை தேர்தல். உறுப்பினர்கள் கூடித் தங்களுக்குள் மேயரைத் தேர்ந்தெடுப்பார்கள். (புதுச்சேரியில் 1968க்குப் பிறகு 2006 வரை உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை. பெயரை மட்டும் வாங்கிக்கொண்டோம் போல.)

நூற்றைம்பது பேர் ஊருக்கு மேயர் என்றால் விளையாட்டாகத் தோன்றும். சட்டப்படி பாரிஸ் மேயருக்கு இருக்கும் அடிப்படைப் பொறுப்புகள் பலவும் இவருக்கும் உண்டு. பிறப்பு, இறப்புப் பதிவு இவர் கையெழுத்து. மூவர்ணப் பட்டையைக் குறுக்கே மாட்டிக்கொண்டு கல்யாணம் செய்துவைப்பது இவர். கோயிலில் தாலி கட்டுவது மாதிரியான சடங்கெல்லாம் அதற்குப் பிறகுதான், முன்னால் செய்வதை வழக்கமாக்கினால் பாதிரியார் மேல் வழக்கு வரும். வீடு கட்ட அனுமதி, ரோட்டில் விழுந்த மரம், வேலி தாண்டிய மாடு, இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களின் வாய்த்தகராறு, எல்லாம் அவர் கைபேசிக்கு வரும். மாதம் கிடைப்பது ஆயிரம் யூரோவை ஒட்டிய படி. முழுநேரத் தொழில் பெரும்பாலும் விவசாயம், இல்லாவிட்டால் ஓய்வு பெற்றவர். அலுவலகத்தில் ஒரு செயலர், அவரும் வாரத்தில் இரண்டு நாள் இங்கே, மீதி நாள் அடுத்த ஊரில். ஆனால் உண்மையில் ஊரைத் தாங்குபவர் கந்தோனியே என்கிற நகராட்சித் தொழிலாளி. ரோட்டோரப் புல் வெட்டுவது முதல் கல்லறைத் தோட்டம், தண்ணீர்க் குழாய், விடியற்காலையில் பனி தள்ளுவது வரை ஒரே ஆள். அவர் உடம்பு சரியில்லை என்றால் மேயரே டிராக்டரில் ஏறுவார்.

அன்றாடம் என்பது கார்தான். கார் இல்லாதவருக்கு இங்கே வாழ்க்கை இல்லை என்றே சொல்லலாம். பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று நான்கு கொம்யூன்கள் சேர்ந்து வகுப்புகளைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. சின்ன வகுப்பு ஒரு ஊரில், நடு வகுப்பு அடுத்த ஊரில், பெரிய வகுப்பு மூன்றாவது ஊரில். ஒரே வீட்டுப் பிள்ளைகள் மூன்று ஊர்ப் பள்ளிகளில் படிப்பதும் நடக்கும். 15 வயதானால் ஓபுஸோன், ஃபெல்தான் மாதிரி சிறுநகரங்களில் விடுதியில் தங்கி வெள்ளிக்கிழமை மாலை வீடு திரும்புவார்கள். ஃபெல்தானில் கட்டடத் தொழிலுக்கென்றே உயர்நிலைப் பள்ளி உண்டு. கொத்தனார் மரபு அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது.

மருத்துவர்தான் பெரிய பிரச்சினை. ஓய்வு பெறுபவருக்குப் பதிலாக ஆள் வருவதில்லை. புதிதாகக் குடிவந்தவரைத் தன் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும் மருத்துவரைத் தேடியே மாதங்கள் ஓடும், பல் மருத்துவர் கதை இன்னும் மோசம். அவசரம் என்றால் முதலில் வந்து சேர்பவர்கள் தீயணைப்பு வீரர்கள். பிரான்ஸில் தீயணைப்பு வீரர்களில் ஐந்தில் நான்கு பேர் தன்னார்வலர்கள். கிராமத்தில் ஏறக்குறைய எல்லோருமே. மெக்கானிக், பள்ளி ஆயா, விவசாயி என்று யாராகவும் இருக்கலாம். இடுப்பில் இருக்கும் அழைப்புக் கருவி அலறினால் கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். நிலைமை மோசம் என்றால் லிமோஜிலிருந்து ஹெலிகாப்டர். மாதத்தின் முதல் புதன்கிழமை நடுப்பகலில் சைரன் ஊளையிட்டால் பயப்படவேண்டாம், அது சோதனை.

கடைகள் பன்னிரண்டு மணிக்கு மூடினால் இரண்டு மணிக்குத்தான் திறக்கும். தபால் நிலையம் நகராட்சி அலுவலகத்தின் ஒரு ஜன்னலாகச் சுருங்கிவிட்டது. பல ஊரில் மளிகை, காப்பிக் கடை, ரொட்டி, எரிவாயு உருளை எல்லாம் ஒரே கடையில். அந்தக் கடையைக்கூட நகராட்சி கட்டடம் கொடுத்து, வாடகையைக் குறைத்து, ஆளைக் கெஞ்சிக் கூட்டிவந்து வைத்திருக்கும். இறைச்சிக்காரர் வாரம் ஒருமுறை வேனில் வந்து ஹாரன் அடிப்பார். யாரைப் பார்த்தாலும், முன்பின் தெரியாவிட்டாலும், 'பொன்ஜூர்' சொல்லியே ஆகவேண்டும். சொல்லாமல் கடைக்குள் நுழைந்து விலை கேட்டால் அன்றோடு உங்கள் கதை முடிந்தது.

விவசாயம் என்றால் இங்கே மாடு. செம்பட்டை நிறத்து லிமூசான் மாடு, கறிக்காக வளர்ப்பது. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை வெளியே மேயும், பனிக்காலம் கொட்டகையில். ஆண் கன்றுகளில் பெரும்பகுதியை எட்டுப் பத்து மாதத்தில் இத்தாலிக்கு விற்றுவிடுவார்கள். அங்கே கொழுக்கவைத்து அறுப்பார்கள். மலைச்சாரலில் புல் மேய்ந்து வளர்ந்த கன்று என்ற பெருமை இங்கே, லாபத்தின் பெரிய பங்கு வேறெங்கோ. ஐரோப்பிய ஒன்றிய மானியம் இல்லாவிட்டால் பெரும்பாலான பண்ணைகள் ஒரு வருடம்கூடத் தாங்காது, அதை விவசாயிகளே மறைக்காமல் சொல்வார்கள். நாடு முழுவதும் 1970இல் 16 லட்சம் அளவுக்கு இருந்த பண்ணைகள் 2020 கணக்கெடுப்பில் 4 லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டன. நிலம் எங்கும் போகவில்லை, பக்கத்துப் பண்ணையோடு சேர்ந்துகொண்டது. முன்பு எட்டுக் குடும்பம் வாழ்ந்த இடத்தில் இன்று ஒரே ஆள், நூறு ஹெக்டேருக்கு மேல், தனியாக. விலையுயர்ந்த இயந்திரங்களைக் கூட்டாக வாங்கிப் பயன்படுத்த 1945 முதல் கூமா என்ற கூட்டுறவு அமைப்பு இருப்பதால் தப்பிக்கிறார். ஜூனில் புல் அறுக்கும் சமயம் ராத்திரி பதினொரு மணிக்கும் டிராக்டர் விளக்கு தெரியும். அப்போது அவரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள்.

காலநிலையைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை: மே 11, 12, 13 தேதிகளைப் 'பனிப் புனிதர்கள்' நாட்கள் என்பார்கள். அதற்கு முன்னால் தக்காளி நாற்று நட்டால் கருகிவிடும். பீடபூமியில் அதற்குப் பிறகும் கருகும்.

செப்டம்பர் முதல் பிப்ரவரி கடைசிவரை வேட்டை. காட்டுப்பன்றி, மான். அந்த நாட்களில் காட்டுப் பாதையில் நடப்பவர்கள் பளிச்சென்ற ஆரஞ்சு நிற மேலாடை போட்டுக்கொள்வது நல்லது, தோட்டா ஆள் பார்க்காது. மழைக்குப் பின் இலையுதிர் காலத்தில் செப் காளான். விளையும் இடத்தைப் பெற்ற பிள்ளைக்கும் சொல்ல மாட்டார்கள். நிலத்துக்குச் சொந்தக்காரரைக் கேட்காமல் பறித்தால் அது சட்டப்படி திருட்டு. கேட்டால் அவர் மாட்டேன் என்பார்.

இதுவரை சொன்னதை வைத்து ஊர் செத்துக்கொண்டிருக்கிறது என்று முடிவுகட்ட வேண்டாம். 1970களிலிருந்து நகரத்தை விட்டு இங்கே வந்தவர்கள் ஒரு தலைமுறையைத் தாண்டிவிட்டார்கள். 1986இல் தேலே மில்வாஷ் என்று ஒரு தொலைக்காட்சியை ஆரம்பித்தார்கள். ஒளிபரப்புக் கோபுரம் எதுவும் இல்லை. ஊர்ச் செய்திகளைப் படம்பிடித்து வீடியோ கேசட்டில் போட்டு கிராமம் கிராமமாகக் கொண்டுபோய்க் காட்டினார்கள். 1988இல் ஃபோ-லா-மோந்தாஞ்சில் சில நண்பர்கள் சேர்ந்து மர அறுவை ஆலை வைத்தார்கள். பெயர் அம்பியான்ஸ் புவா. வேலை செய்பவர்களே முதலாளிகள், எல்லோருக்கும் ஒரே சம்பளம். நானூறு பேர் ஊரில் இதைச் சுற்றி இன்னும் பல கூட்டுறவுகள், சங்கங்கள் வந்துவிட்டன; பள்ளியில் பிள்ளைகள் இருக்கிறார்கள். மலிவான வீட்டைப் பார்த்து வந்த ஆங்கிலேயர்களும் உண்டு. பிரெக்ஸிட்டுக்குப் பிறகு தங்கும் அனுமதி அட்டை இல்லாதவர்கள் ஆறு மாதத்துக்கு 90 நாட்களுக்கு மேல் தங்க முடியாமல் அல்லாடுகிறார்கள்.

வந்தவர்களுக்கும் இருந்தவர்களுக்கும் எல்லாவற்றிலும் ஒத்துப்போவதில்லை. ஒரு மேட்டிலிருக்கும் டக்ளஸ் மரத்தையெல்லாம் ஒரே அடியாக வெட்டி மொட்டையடிப்பதை வந்தவர்கள் எதிர்ப்பார்கள். என் பாட்டன் நட்டதை நான் வெட்டக் கூடாதா என்று இருந்தவர்கள் கேட்பார்கள். எனக்கு இதில் வந்தவர்கள் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. மொட்டையான சரிவில் மழை பெய்தால் மண் எங்கே போகிறது என்று கீழே ஓடையில் பார்க்கலாம். ஆனால் ஓநாய் விஷயத்தில் ஆடு வளர்ப்பவர் பக்கம் சாய்வேன். சில ஆண்டுகளாக ஓநாய் இந்தப் பீடபூமிக்குத் திரும்பி வந்திருக்கிறது. அதை வரவேற்றுப் பேசுபவர்களில் ஆடு வைத்திருப்பவர் யாரும் இல்லை.

சத்தத்தைப் பற்றியும் சண்டை வரும். ஒலேரோன் தீவில் மொரீஸ் என்ற சேவல் விடிகாலையில் கூவுகிறது என்று விடுமுறை வீட்டுக்காரர்கள் வழக்குப் போட்டு, 2019இல் சேவல் ஜெயித்தது. அந்தப் பரபரப்பில் 2021 ஜனவரி 29ஆம் தேதி நாட்டுப்புறத்தின் ஒலியும் வாசனையும் பாரம்பரியம் என்று ஒரு சட்டமே வந்தது. மாதா கோயில் மணி, சேவல், சாண வாடை எல்லாவற்றுக்கும் இப்போது சட்டத்தில் இடம் உண்டு.

நேரில் பார்க்க நினைப்பவர்களுக்கு: ஆகஸ்டில் போனால் பூட்டிய வீடுகள் எல்லாம் திறந்திருக்கும், சதுக்கத்தில் நீண்ட மேசை போட்டுக் கூட்டுச் சாப்பாடு, பழைய சாமான் சந்தை, நடனம் என்று ஊர் நிரம்பி வழியும். அதைப் பார்த்து வீடு வாங்கியவர்கள் பலர் பிப்ரவரியில் விற்கப் பார்ப்பார்கள். வாங்கும் யோசனை இருந்தால் பிப்ரவரியில் பத்து நாள் தங்கிவிட்டு யோசியுங்கள். சும்மா சுற்றிப் பார்க்க ஜூன் நல்லது. ஜாந்தியூ தூண், பக்கத்தில் 1950இல் அணை கட்டி உண்டாக்கிய வாசிவியேர் ஏரி, ஓபுஸோனில் சுவரில் மாட்டும் சித்திர நெசவுத் துணிகளின் அருங்காட்சியகம், மூன்றையும் ஒரே நாளில் பார்க்கலாம். சைவம் என்றால் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் கஷ்டம். உருளைக்கிழங்கும் பாலாடையும் வைத்துச் சுடும் பாத்தே கிடைக்கும், ஆனால் சில கடைகளில் உள்ளே பன்றிக்கறித் துண்டு போடுவார்கள், கேட்டு வாங்குங்கள். ஹேஸல்நட் போட்ட க்ரூஸ் கேக்கில் முட்டை உண்டு. லிமோஜிலேயே வாடகைக் கார் எடுத்து, டேங்கையும் நிரப்பிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை பீடபூமியில் பங்க்கில் ஆள் இருக்க மாட்டார், அட்டை மட்டும்தான், அதுவும் வெளிநாட்டு அட்டையைச் சில இயந்திரங்கள் ஏற்காது.